வாயிற்காவலும் முகவரி மாற்றமும்



கடிதம் எழுதும் வழக்கம் நம்மிடையே அருகிவிட்ட போதிலும், கடித உறையின் அமைப்பை நாம் மறந்துவிடவில்லை. உறையின் நடுவிலே பெறுநரின் முகவரி. மூலையிலே அனுப்புநரின் முகவரி. தபாற்காரர் கருத்திற் கொள்வது பெறுநரின் முகவரியை மட்டுமே. அனுப்புநர் தம் முகவரியை உண்மையாக எழுதினாரா, பொய்யாக எழுதினாரா என்பதை அவர் ஆராய்வதில்லை. ஆராயும் கடமையும் அவருக்கில்லை. இணையம் எனப்படும் உலகளாவிய வலையமைப்பும் இந்த ஒரு விடயத்திலே தபாற் சேவையை ஒத்தது. கணினி அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் போய்ச் சேரவேண்டிய முகவரியும் புறப்பட்ட முகவரியும் எழுதப்பட்டுள்ளன. இடைவழியில் நிற்கும் வழிப்படுத்திகள் பொதுவாக முன்னதைப் பார்த்தே பொதியை அனுப்பிவைக்கின்றன, பின்னதை நம்பிவிடுகின்றன.

இந்த நம்பிக்கையால் விளையும் தீங்கு யாது? அத்தீங்கைத் தடுக்க நிறுத்தப்பட்ட காவல் சில வேளைகளில் நல்லவர்களையே மறித்துவிடுவது ஏன்? அவ்வாறு மறிக்கும்போது நாம் செய்யத் தக்கது யாது? இவையே இன்றைய பேச்சின் பொருள். நான் பொறியியல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி, அரசினர் பாடசாலையொன்றின் அதிபர். எனினும், எமது கணினிக் கூடத்தில் நேர்ந்த ஒரு கோளாறு இவ்விடயத்தைக் கற்கும்படி என்னைக் கட்டாயப்படுத்தியது. அக்கதையைச் சொல்லுமுன் அடிப்படையான இரண்டு செய்திகளைக் கூற வேண்டும்.

முதலாவது, முகவரி மாற்றம். இணையத்தில் இன்றும் பெரிதும் வழங்கும் நான்காம் பதிப்பு முகவரி 32 பிற்றுகளால் ஆனது. ஆகவே அமையக்கூடிய முகவரிகளின் மொத்தத் தொகை 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. உலக மக்களுக்கு ஆளுக்கொன்றாகப் பங்கிடவும் இது போதாது. 2011ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி, உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகளும் பிராந்தியப் பதிவகங்களுக்குப் பங்கிடப்பட்டு முடிந்தன. இத்தட்டுப்பாட்டை முன்னுணர்ந்த பொறியியலாளர் 1994ஆம் ஆண்டு மே மாதத்திலேயே முகவரி மாற்றம் என்னும் உபாயத்தை ஆவணமாக வெளியிட்டிருந்தனர். 1996 பெப்ரவரியில் வெளிவந்த மற்றோர் ஆவணம் மூன்று முகவரித் தொகுதிகளைத் தனிப்பட்ட பாவனைக்கென ஒதுக்கியது. 10 என்று தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன, 192.168 என்று தொடங்குவன ஆகியவையே அவை. எந்த வீடும், எந்தக் கந்தோரும், எந்தப் பாடசாலையும் எவரையும் கேளாமல் இவற்றைத் தன் எல்லைக்குள் வழங்கலாம். ஆனால் எல்லைக்கு வெளியே இவை செல்லா.

மாணவர் விடுதியொன்றை எண்ணிப் பாருங்கள். மாணவர் தம் அறை இலக்கத்தை மட்டும் எழுதிக் கடிதத்தை விடுதிக் காப்பாளரிடம் கொடுக்கின்றனர். அவர் அறை இலக்கத்தை நீக்கி, விடுதியின் முகவரியையும் தாம் வழங்கும் ஒரு குறியிலக்கத்தையும் எழுதி வெளியே அனுப்புகிறார்; இன்ன குறியிலக்கம் இன்ன அறைக்குரியது என்று தம் கொப்பியிற் குறித்தும் வைக்கிறார். பதில் வந்ததும் கொப்பியைப் பார்த்து உரிய அறைக்குக் கொடுத்துவிடுகிறார். வலையமைப்பின் எல்லையில் நிற்கும் தீச்சுவர் என்னும் காவற்கருவி செய்வதும் இதுவே. நூறு கணினிகள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்து வாழ்வது இந்தக் கொப்பியின் உதவியினாலேயாகும்.

இரண்டாவது, போலி முகவரி. புறப்பட்ட முகவரியை எவரும் ஆராய்வதில்லை என்றால், கெட்ட எண்ணமுடையவர் அதைப் பொய்யாக எழுதலாமன்றோ? எழுதினர். 1996ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நியூயோர்க் நகரின் பனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம், போலி முகவரி தாங்கிய தொடர்பு வேண்டுகோள்களின் வெள்ளத்தாற் பல நாட்கள் அல்லலுற்றது. நிறுவனத்தின் கணினிகள் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் மறுமொழி அனுப்பி, இல்லாத ஒருவரின் பதிலுக்காகக் காத்திருந்தே களைத்துப்போயின. இதிலும் கொடியது பிறிதொரு முறை. ஒருவர் தம் பகைவரின் முகவரியைப் புறப்பட்ட முகவரியாக எழுதி, உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான சேவையகங்களிடம் சிறிய கேள்வியொன்றைக் கேட்கிறார். பெரிய பெரிய பதில்கள் அனைத்தும் பகைவரின் வாயிலிற் சென்று குவிகின்றன. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் மீது நடந்த பெருந் தாக்குதல் இத்தகையதே.

இதற்கு மருந்து எளியது. 1998 சனவரியில் போல் பெர்குசன், டானியல் செனி என்ற இருவர் அதனை ஆவணமாக்கினர். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அது திருத்தி வெளியிடப்பெற்று, இன்றுவரை சிறந்த நடைமுறையாக மதிக்கப்படுகிறது. அதன் சாரம் இது: பொதி எந்த வாயிலால் வருகிறதோ அந்த வாயிலுக்குரிய முகவரியைத்தான் அது தாங்கியிருக்க வேண்டும். உள்வாயிலால் வருவது உள்முகவரி தாங்கட்டும். வெளிவாயிலால் வருவது உள்முகவரி தாங்குமாயின் அது பொய். தீச்சுவரிடம் ஒவ்வொரு வாயிலுக்கும் ஓர் இடாப்பு உண்டு. வருபவரின் முகவரி அந்த வாயிலின் இடாப்பில் இல்லையெனின் பொதி கைவிடப்படும். அனுப்பியவருக்கு அறிவித்தல் எதுவும் போகாது.

இனி எமது கதைக்கு வருவோம்.

எமது பாடசாலையின் பழைய கணினிக் கூடம் 192.168.10 என்று தொடங்கும் தொகுதியில் இயங்கிவந்தது. பின்னர் புதிய இருமாடிக் கட்டடம் எழுந்தது. அங்கு அமைந்த கூடத்திற்கு 192.168.20 என்ற தொகுதி வழங்கப்பட்டது. அக்கூடம் இணைந்த அன்று, உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்த மாணவர் பலர் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை இணையவழி நிரப்புவதற்காகப் பெற்றோருடன் வந்திருந்தனர். விண்ணப்ப முடிவுக்கு இன்னும் இரண்டு நாட்களே இருந்தன. வீட்டிற் கணினி இல்லாத பிள்ளைகள் அவர்கள். பழைய கூடத்திற் கணினிகள் சில பழுதுற்றிருந்தமையால் புதிய கூடத்தையே நம்பியிருந்தோம். ஆனால் அங்கிருந்த எந்தக் கணினியிலும் வெளியுலகப் பக்கம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை. திரையிலே சிறு வட்டம் சுழன்றுகொண்டேயிருந்தது.

இணைப்பு வேலைக்கு வந்திருந்த இளைஞர் கெட்டிக்காரர். கம்பிகளைச் சோதித்தார்; பழுதில்லை. அனுமதி விதிகளைப் பார்த்தார். புதிய தொகுதிக்கு அனுமதி இருந்தது. முகவரி மாற்ற விதியைப் பார்த்தார். அதிலும் புதிய தொகுதி சேர்க்கப்பட்டிருந்தது. திரும்பும் வழியும் சரியாகவே எழுதப்பட்டிருந்தது. சேவை வழங்கும் நிறுவனத்தின் மீது குற்றஞ் சாட்டலாமா என்றால், பழைய கூடம் அதே இணைப்பில் நன்றாக இயங்கியது. மாலை நான்கு மணியளவில் தீச்சுவரின் பதிவேட்டை அவர் விரித்துப் பார்த்தார். வரிக்கு வரி ஒரே குற்றச்சாட்டு: போலி முகவரி, போலி முகவரி, போலி முகவரி. புதிய கூடத்தின் பிள்ளைகள் அனைவரும் மோசடிக்காரராக எண்ணப்பட்டு வாயிலிலே மறிக்கப்பட்டிருந்தனர்.

“சேர், இந்தச் சோதனையை முற்றாக நிறுத்திவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்” என்றார் அவர்.

“தம்பி, காவற்காரன் நம் பிள்ளையை அடையாளம் காணவில்லை என்றால் காவற்காரனை வீட்டுக்கு அனுப்புவதா? பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்” என்றேன்.

பார்த்தோம். உள்வாயிலின் இடாப்பில் பழைய தொகுதி மட்டுமே இருந்தது. புதிய தொகுதியை எவரும் சேர்க்கவில்லை. அனுமதி விதி ஓரிடத்தில், மாற்ற விதி ஓரிடத்தில், வழி ஓரிடத்தில், வாயில் இடாப்பு வேறோரிடத்தில் எழுதப்பட்டிருந்தன. மூன்றிடத்திலே திருத்தியவர் நான்காவதை மறந்துவிட்டார். கோளாறு முழுவதும் இவ்வளவே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இடாப்பிலே எந்த முகவரியை எழுத வேண்டும்? மாற்றத்திற்கு முந்திய முகவரியையா, பிந்திய முகவரியையா? வாயிற்சோதனை, பொதி உள்ளே நுழையும் போதே நடைபெறுகிறது. புறப்பட்ட முகவரியை மாற்றுவதோ அது வெளியேறும் தறுவாயிலே பெரும்பாலும் நடைபெறுகிறது. ஆகவே காவற்காரன் காண்பது அறை இலக்கத்தை. விடுதியின் முகவரியை அன்று. இவ்வரிசையை உணராதார் வெளிமுகவரியை உள்வாயில் இடாப்பில் எழுதிவிட்டு, ‘எழுதியும் பயனில்லையே’ என்று வருந்துவதுண்டு. கருவிக்குக் கருவி இவ்வரிசை சிறிது வேறுபடலாமாதலால், நம் கருவியின் கைந்நூல் இதுபற்றிக் கூறுவதை முதலிற் படித்துக்கொள்வது நன்று.

போலி முகவரி என்ற குற்றச்சாட்டுக்கு, அல்லது அதனைப் போன்ற தோற்றத்துக்கு, வேறு காரணங்களும் உண்டு. இரண்டை மட்டும் கூறுகிறேன்.

ஒன்று, இரண்டு இணைப்புகளை வைத்திருப்பதால் வருவது. ஓர் இணைப்பு அறுந்தால் மற்றொன்று உதவும் என்று பலர் இரண்டு இணைப்புகளை வைத்திருக்கின்றனர். சில தீச்சுவர்கள் தனி இடாப்பு வைத்திராமல், ‘இவருக்குப் பதில் அனுப்புவதாயின் எந்த வாயிலால் அனுப்புவேனோ, அந்த வாயிலாற்றான் இவரும் வரவேண்டும்’ என்ற விதியைக் கைக்கொள்கின்றன. ஒரு வாயிலால் வந்தவருக்கு மறு வாயிலால் விடையனுப்பும் அமைப்பிலே, உண்மையானவரும் பொய்யராகத் தோன்றுவார். 2004 மார்ச் மாதத்தில் வெளிவந்த ஆவணமொன்று இத்தகைய இடங்களுக்கென இவ்விதியைத் தளர்த்தும் முறைகளை ஆராய்கிறது. அங்கும் தளர்த்துவதுதான் கூறப்படுகிறது, கைவிடுவது கூறப்படவில்லை.

மற்றொன்று, உள்ளேயிருப்பவர் தம் நிறுவனத்தின் சேவையகத்தையே வெளிமுகவரி கொண்டு அழைப்பது. உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரியொன்றைக் கொண்டு விளக்குகிறேன். சேவையகத்தின் வெளிமுகவரி 203.0.113.5 என்றும், உள்முகவரி 192.168.10.8 என்றும் வைத்துக்கொள்வோம். அதே கூடத்திலுள்ள ஒரு மாணவர் வெளிமுகவரிக்கு எழுதுகிறார். தீச்சுவர் பெறுநர் முகவரியை மட்டும் மாற்றிச் சேவையகத்திடம் சேர்க்கிறது. சேவையகமோ, அனுப்பியவர் அடுத்த மேசைக்காரரே என்று கண்டு, தீச்சுவரின் வழியாகச் செல்லாமல் நேரே பதில் கொடுத்துவிடுகிறது. மாணவரின் கணினி எதிர்பார்த்தது 203.0.113.5 இடமிருந்து, வந்ததோ 192.168.10.8 இடமிருந்து. ‘உம்மிடம் நான் எதுவும் கேட்கவில்லையே’ என்று அது பதிலைத் தள்ளிவிடுகிறது. இங்கே தீச்சுவரின் பதிவேட்டிற் குற்றம் எதுவும் காணப்படாது. உள்ளிருப்பவருக்குப் பெயர்ச்சேவை உள்முகவரியையே கூறும்படி செய்தால், அல்லது தீச்சுவர் புறப்பட்ட முகவரியையும் சேர்த்து மாற்றும்படி செய்தால், இக்குறை நீங்கும்.

ஆகவே கோளாறு கண்டவிடத்து ஊகஞ் செய்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண். பொதியின் பின்னாலேயே நடந்து செல்ல வேண்டும். ஐந்து கேள்விகள் போதும். பொதி உள்வாயிலை வந்தடைந்ததா? வந்தடைந்ததாயின், பதிவேடு அதனைப் பற்றி என்ன கூறுகிறது? அது வெளிவாயிலால் வெளியேறிய போது எந்த முகவரியைத் தாங்கியிருந்தது? பதில் வந்ததா, எந்த வாயிலால் வந்தது? வந்த பதிலின் முகவரி பழையபடி திருப்பி மாற்றப்பட்டு உரியவரைச் சேர்ந்ததா? இரண்டு வாயில்களிலும் ஒரே நேரத்திற் பொதிகளைப் படியெடுத்துப் பார்த்தால் இவ்வைந்துக்கும் விடை கிடைக்கும். எந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை முதலில் வருகிறதோ அங்கேதான் குறை இருக்கிறது. பதிவேட்டை முதலிலேயே விரித்திருந்தால் எமது கோளாறும் காலையிலேயே தீர்ந்திருக்கும். இரண்டாவது கேள்வியை நாம் மாலையில்தான் கேட்டோம்.

இனி நான் கூறப்போவது எனக்குப் பெருமை தருவதன்று; எனினும் கூறாமல் விடலாகாது.

இடாப்பைத் திருத்துவதற்குரிய மறைச்சொல் அவ்விளைஞரிடம் இருக்கவில்லை. அவரிடமிருந்த அதிகாரம், சோதனையை ‘மறிக்காமற் பதிவு மட்டும் செய்’ என்ற நிலைக்கு மாற்றுவதற்கே போதுமாயிருந்தது. பிள்ளைகள் காத்திருந்தனர். ‘அப்படியே செய்யுங்கள், நாளை திருத்திக்கொள்வோம்’ என்றேன். அவர் அவ்வாறே செய்தார். பிள்ளைகள் விண்ணப்பங்களை நிரப்பி அனுப்பிவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு சென்றனர். அந்த முடிவைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அந்த ‘நாளை’யைப் பற்றியதே. அந்த நாளை வருவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. தவணைப் பரீட்சை வந்தது; விளையாட்டுப் போட்டி வந்தது; எல்லாம் நன்றாக இயங்குகிறதே என்ற எண்ணம் வந்தது. காவற்காரன் வாயிலில் நின்றான், எவரையும் மறிக்கவில்லை, கண்டதை எழுதிக்கொண்டு மட்டும் நின்றான்.

மூன்று வாரங்களின் பின் இடாப்பைத் திருத்த அமர்ந்தபோது பதிவேட்டைப் படித்தோம். புதிய கூடத்தின் வரிகளுக்கிடையே வேறு சில வரிகளும் இருந்தன. எமது எந்தத் தொகுதிக்கும் உரியனவல்லாத முகவரிகளைத் தாங்கிய பொதிகள், ஆயிரக்கணக்கில், உள்வாயிலால் வெளியே போயிருந்தன. வலையட்டையின் இலக்கத்தைக் கொண்டு தேடியபோது, பழைய கூடத்தின் மூலையிலிருந்த கணினியொன்றிலே தீநிரல் ஒன்று புகுந்திருந்தமை தெரியவந்தது. அப்பொதிகள் எவருடைய வாயிலில் எத்தகைய வெள்ளமாகச் சென்று விழுந்தனவோ, அல்லது சேவை வழங்குநரின் எல்லையிலேயே மறிக்கப்பட்டனவோ, நான் அறியேன். எமது வாயிலை நாம் காத்திருந்தால் அவை எமது மதிலைத் தாண்டியிருக்கமாட்டா என்பதை மட்டும் நன்கறிவேன்.

நேயர்களே, வாயிற்சோதனை பற்றிப் பலரும் உணராத செய்தி இதுவேயாகும். நம் வீட்டுக்குக் கள்வர் வராமற் காப்பது அதன் ஒரு பாதி. நம் வீட்டிலிருந்து பிறர் வீட்டுக்குக் கள்வர் போகாமற் காப்பது மறு பாதி. முதற் பாதி தவறினால் நமக்கு வலிக்கும், உடனே திருத்திக்கொள்வோம். இரண்டாம் பாதி தவறினால் வலிப்பது எங்கோ இருக்கும் முகமறியாத ஒருவருக்கு. நமக்கோ எல்லாம் நன்றாக இயங்குவதாகவே தோன்றும். ஆதலால்தான் அது பெரிதும் புறக்கணிக்கப்படுகிறது. ஆறாம் பதிப்பு முகவரிகள் 128 பிற்று கொண்டவை. அவை முற்றாகப் பரவும் காலத்தில் முகவரித் தட்டுப்பாடு நீங்கலாம். முகவரி மாற்றத்தின் தேவையும் குறையலாம். ஆனால் புறப்பட்ட முகவரியைப் பொய்யாக எழுதும் வசதி அப்போதும் இருக்கும்; வாயிலிற் சோதிக்கும் கடமையும் இருக்கும்.

எமது பாடசாலையில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. புதிய தொகுதியொன்று சேரும்போது வழி, அனுமதி, மாற்றம், வாயில் இடாப்பு ஆகிய நான்கும் ஒரே தாளில் எழுதப்பட்டு, நான்கும் முடிந்த பின்னரே ஒப்பமிடப்படும். அவசரத்தின் பொருட்டு எந்தக் காவலையேனும் தளர்த்த நேர்ந்தால், யார் தளர்த்தினார், ஏன் தளர்த்தினார், எந்த நாளில் மீட்கப்படும் என்பன சம்பவத்திரட்டுப் புத்தகத்திற் பதியப்படும். அந்த நாள் வந்ததும் என் மேசைக்கு அப்புத்தகம் வரும். காவலைத் தளர்த்த வேண்டிய வேளை எவருக்கும் வரும். அதனை மீட்கும் நாளைக் குறித்துவைக்காமல் தளர்த்தலாகாது என்பதே நான் கற்ற பாடம்.

இந்த இரவில் எத்தனையோ பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் ஒரு சிறு பெட்டி விளக்குகள் மினுங்க நின்றுகொண்டிருக்கிறது. அவற்றுக்குப் பொறுப்பானவர்களுள் ஒருவர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பாராயின், அவரிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் அப்பெட்டியின் வாயிற்சோதனை மறிக்கும் நிலையில் இருக்கிறதா, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறதா என்பதை ஒருமுறை பாருங்கள். பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வணக்கம்.